இரும்புக்கு எண்ணெய்

சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் எண்ணெய் வாசம் போகவில்லை. தமயந்தி வலது கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். தேங்காயெண்ணெய், அதற்கடியில் கொஞ்சம் இரும்பு, அதற்கும் அடியில் நேற்றைய சந்தனம். கண்ணை மூடினால் தூக்கம் வரும் என்று நினைத்துத்தான் படுத்தாள். வரவில்லை. மூன்று பேரும் கிளம்பிப் போனபிறகு வீடு இப்படித்தான் ஆகிவிடும், கல்யாணக் கும்பல் போன மண்டபம் மாதிரி. ஈரத் துண்டுகள் நாற்காலியில், வாழைப்பழத் தோல் ஜன்னல் விளிம்பில், கடைசித் தோசை கல்லிலேயே. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவில் வாடகைக்கு எடுத்த வீடு, ஆயுத பூஜைக்குச் சேர்ந்தாற்போல் வந்த விடுமுறைக்கு. மலைக்கு வந்தால் மனசு லேசாகும் என்றார்கள். மனசைப் பற்றித் தெரியவில்லை, கால்கள் கனத்தன. கோயமுத்தூரில் துவைப்பதும் சமைப்பதும் வெதுவெதுப்பான தரையில் நடக்கும், இங்கே சில்லிட்ட சிமெண்டுத் தரையில் நடக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். கணவர் குழந்தைவேலு ஓடப் போயிருக்கிறார். ஐம்பத்தெட்டு வயதில் மனிதருக்கு மலையைச் சுற்றி ஓடவேண்டும். மகன் முகிலன் சிநேகிதர்களோடு எங்கோ ஒரு பாறையில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருப்பான். மகள் தாரிணி புது சைக்கிளில் அடிவாரம்வரை இறங்கி, மறுபடி அதே பாதையில் ஏறி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள். ஏன் இறங்கவேண்டும், ஏறி வருவதாக இருந்தால். கேட்டால் சிரிப்பார்கள். "அம்மாவுக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்" என்பான் முகிலன். "காரணமில்லாம உங்கப்பன் கட்டிக்கிட்டாரு என்னை, அது போதாதா" என்று அவளும் சொல்லியிருக்கிறாள், தோசையைத் திருப்பிக்கொண்டே. அவர்கள் சிரித்தார்கள். அவர் சிரித்தாரா என்று ஞாபகமில்லை, ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருப்பது ஷூ மாட்டும்போது மட்டும்தான். பேசவேண்டுமென்றால் உட்காரவேண்டும், உட்காராத மனிதரோடு முப்பது வருடம் எப்படிப் பேசுவது, பின்னாலேயே ஓடித்தான் பேசவேண்டும், அவளுக்கு முழங்கால் வலி.

மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றுகொண்டிருந்தது. உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல. வெள்ளைச் சுவர், வெள்ளைப் பனி, இடையில் மிளகுக்கொடி ஏறிய மரம் மட்டும் கறுப்பாக. நேற்று இதே நேரம் இந்தக் கூடத்தில் எவ்வளவு கூச்சல். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, கயிற்றுச் சுருளை மணைமேல் வைத்து, கொக்கிகளைப் பித்தளைத் தட்டில் பரப்பி, இரண்டு ஹெல்மெட்டையும் தேங்காய் மாதிரி இருபுறமும் வைத்து, எல்லாவற்றுக்கும் பொட்டு. வேறு வீட்டில் அரிவாளும் புத்தகமும் வைப்பார்கள், இவள் வீட்டில் இது. "என்ற ஷூவையும் வெய்யி தமயந்தி, அதுதான எனக்கு ஆயுதம்" என்றார் அவர். செருப்பையா சாமி முன்னாடி வைப்பது என்று அவள் திட்ட, தாரிணி, "அப்பா ஆயுதத்துக்குத் தீட்டுப்பா, அது வாசல்லயே நிக்கட்டும்" என்று சொல்ல, கடைசியில் ஷூ வந்த காலி அட்டைப்பெட்டிக்குச் சந்தனம் வைத்துப் பூ சுற்றினார்கள். காலிப் பெட்டிக்குக் கற்பூரம் காட்டினாள். முகிலன் மட்டும், "அம்மாவோட ஆயுதம் எங்கே" என்று கேட்டான், கேட்டுவிட்டு அவனே, "தோசைத் திருப்பியா" என்றான். சமையலறையில் இருந்து எடுத்து வரப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள், இன்னும் பத்து நிமிடத்தில் தோசை வார்க்கவேண்டும், பூஜையில் வைத்ததை எடுக்கக்கூடாது. சரி, அது போகட்டும். எண்ணெய்தான் அவளுடைய வேலை. காலையிலேயே ஒரு பழைய பனியன் துணியைத் தேங்காயெண்ணெயில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவளுடைய அப்பாவின் லேத் பட்டறையில் அன்றைக்குச் சாணைக்கல்லைத் தவிர மற்றது எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவுவார்கள், எந்திரம், ஸ்பேனர், கதவின் தாழ்ப்பாள்வரை. இரும்புக்கு எண்ணெய் காட்டோணும் கண்ணு, வருசம் பூரா நமக்கு உழைக்குதில்ல, என்பார் அப்பா. காட்டோணும் என்பார், போடோணும் என்று சொல்லமாட்டார், குழந்தைக்குப் பால் காட்டுவது மாதிரி. சைக்கிளின் சங்கிலி, கைப்பிடிக் கம்பி, மிதிகட்டை, சக்கரத்துக்கு நடுவில் ஒரு பளபளப்பான வட்டத் தட்டு, ஓட்டை ஓட்டையாக, பூவேலை செய்த மாதிரி. அதில்தான் எண்ணெய் நன்றாக ஏறியது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வட்டமாக, விட்டு விடாமல், முகம் தெரிகிறமாதிரி துடைத்தாள். சாம்பல் நிற மை துணியில் ஒட்டியது. எவ்வளவு அழுக்கு என்று நினைத்தாள்.

விரல்கூட. யாரோ சொன்னார்கள், விரல்கூட என்று. என்ன அது. தூக்கம் வருகிற மாதிரி இருந்து, அந்த ஒரு சொல்லில் இடறித் திரும்பிவிட்டது. விரல்கூடப் படாமல், விரல்கூட வைக்காமல், ஏதோ ஒன்று. டாக்டரம்மா சொன்னதா, கண்ணுக்கு மருந்து விட்டபோது. இல்லை. பெண் குரல் இல்லை, ஆண் குரல், மெல்லிய குரல், பின்னால் ஏதோ காற்று அடிக்கிற சத்தம். டயருக்குக் காற்று அடிக்கிற சத்தம். சைக்கிள் கடை. ஆனி மாதம், தாரிணி முதல் வேலையில் சேர்ந்து தன் காசில் வாங்குகிற சைக்கிள், அம்மாவும் வரணும் என்று கூட்டிப்போனாள். கடை குளுகுளு என்றிருந்தது. ஒரு சின்னப்பெண் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து எழுந்திருக்கமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள், தமயந்தி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள், தாரிணி இப்படித்தான் ராட்டினத்தை விட்டு இறங்கமாட்டாள் என்று. அப்போது கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிக் காட்டிச் சொன்னார். இந்த டிஸ்க்குல மட்டும் விரல்கூட வைக்காதீங்க மேடம். கையில இருக்கிற பிசுக்கு பட்டாலே போச்சு, பிரேக் பிடிக்காது. பழைய வண்டி மாதிரி ரப்பர் கிடையாது இது. எண்ணெய் கிண்ணெய் பட்டுச்சுன்னா சுத்தம். சுத்தம் என்றார். அந்தச் சின்னப்பெண் அந்த நேரம் பார்த்து அழ ஆரம்பித்தாள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், தமயந்தியும் திரும்பினாள். காது கேட்டது, வாங்கி எங்கோ வைத்தது, இன்றைக்கு எடுத்துக் கொடுக்கிறது. போர்வையை விலக்கி உட்கார்ந்தாள். அந்தத் தட்டுதான் பிரேக்கு. முகம் தெரிகிறமாதிரி துடைத்தாளே, அதுதான். அந்த வண்டியில்தான் தாரிணி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்தப் பெண்ணின் குரலில் எப்போதும் ஒரு சந்தோஷம் இருக்கும். மறுபடி. தொடர்பு எல்லைக்கு வெளியே. மலைப்பாதையில் போன் எடுக்காது, முந்தாநாள் காரில் வரும்போதே பாதியில் பாட்டு நின்றுபோனது. அவரைக் கூப்பிடலாம் என்று எண்ணை அழுத்தினால் பக்கத்து அறையில் மணி அடித்தது. ஓடும்போது போன் எடுத்துப்போகமாட்டார், அது அவருடைய கொள்கை, மனுசன் ரெண்டு மணி நேரமாவது கட்டறுத்துட்டு இருக்கோணும் என்பார், கட்டின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று யோசிக்கமாட்டார், பக்கத்து அறைக் கட்டிலில் தலையணைக்கடியில் கிடந்து அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. முகிலனுக்கு மணி போனது, எடுக்கவில்லை, பை கீழே இருக்கும், அவன் மேலே இருப்பான். அவனுடைய கொக்கிகளுக்கும் எண்ணெய் தடவினாளே. கொக்கி வழுக்குமா. இல்லை, கயிறு வேறு, அவனுக்கு மேலே ஒருத்தன் கீழே ஒருத்தன் பிடித்திருப்பான், ஒன்றும் ஆகாது, இப்போது அதை நினைக்கவேண்டாம், ஒன்றை மட்டும் நினைக்கலாம். பழைய சைக்கிளுக்கும் தடவியிருக்கிறாள், இத்தனை வருடம், ஒன்றும் ஆகவில்லையே. பழைய வண்டி மாதிரி இல்லை என்றாரே. ஒருவேளை வாசலிலேயே தெரிந்திருக்கும், பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமலா கிளம்புவாள். கிளம்பும்போது என்ன செய்தாள். ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே, "எலுமிச்சம்பழம் நசுக்கணுமாம்மா" என்றாள். நசுக்கு என்றாள் இவள். சக்கரத்தை ஏற்றி நசுக்கினாள், சாறு தெறித்தது, சிரித்தாள், போய்விட்டாள். வீட்டிலிருந்து ரோட்டுவரை ஏற்றம்தான். ஏற்றத்தில் பிரேக் எதற்கு. ஏரி தாண்டும்வரை பெரிய இறக்கம் இல்லை. அதற்கப்புறம்தான். முதல் வளைவுவரை பிடிக்கவே வேண்டியிருக்காது. முதல் வளைவில் பிடிப்பாள். அங்கேதான் நினைப்பு ஒவ்வொருமுறையும் போய் நின்றது. அதற்கு மேல் போகவில்லை, வளைவில் ஒரு வெள்ளை அடித்த கல்கட்டை, அதற்கப்பால் பனி. மறுபடி வாசலில் இருந்து ஆரம்பித்தாள், எலுமிச்சம்பழம், ஏற்றம், ஏரி, வளைவு, கல்கட்டை, பனி. தாரிணிக்கு நான்கு வயதில் மாடிப்படியில் விழுந்து மோவாயில் தையல் போட்டார்கள். அப்போது இவள் சமையலறையில் இருந்தாள். ஒவ்வொரு காயத்தின்போதும் இவள் சமையலறையில்தான் இருந்தாள். அவர்கள் விழுவார்கள், எழுந்து வருவார்கள், இவள் மஞ்சள் குழைப்பாள். விழுவது அவர்கள் இஷ்டம், பயப்படுவது இவள் வேலை என்று ஆகிப்போய் எத்தனையோ வருடம். கடலுக்குள் முங்கப் போனபோது, பாலத்திலிருந்து கயிறு கட்டிக் குதித்தபோது, அப்போதெல்லாம் பயம் வெளியிலிருந்து வந்தது, கடலிலிருந்து, காற்றிலிருந்து. இன்றைக்கு அவள் விரலில் இருந்து வருகிறது. கழுவினாலும் போகாமல்.

"அக்கா, மத்தியானத்துக்கு எத்தன பேருக்குங்க வைக்கட்டும்?"

வீட்டைப் பார்த்துக்கொள்கிற ரோசலின் பின்கட்டு வாசலில் முறத்தோடு நின்றாள். தமயந்திக்குக் கேள்வி புரிய நேரமானது. எத்தனை பேர். இதைவிடக் கொடுமையாக ஒருத்தி கேட்கமுடியாது, பாவம் அவளுக்கு என்ன தெரியும்.

"நாலு" என்றாள். "நாலு பேருக்குத்தான் வையுங்க."

"பாப்பா கீழ போய்ட்டு வருமுங்களா அதுக்குள்ள? ஏறி வர்றது கஷ்டமாச்சே. எங்க வூட்டுக்காரரு பைக்குலயே மூச்சு வாங்குவாரு."

"வந்துருவா."

"உங்க வீட்ல எல்லாருமே ஒரு தினுசாத்தாங்க்கா இருக்கீங்க. ரூம் எடுத்தா தூங்குவாங்க, சீட்டாடுவாங்க, பிரியாணி கேப்பாங்க. இங்க விடிஞ்சா வீட்ல ஆளில்ல. நீங்க மட்டுந்தான் நம்ம மாதிரி."

தமயந்தி சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள். சொல்லிவிடலாமா இவளிடம். நான் பிரேக்கில் எண்ணெய் தடவிவிட்டேன் என்று. வாய்விட்டுச் சொன்னால் அது நடந்ததாகிவிடும். முறத்தில் இருந்த அரிசியில் ஒரு சின்னக் கறுப்புக் கல் கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரோசலின் அதை எடுக்காமலே போய்விடுவாளோ என்று. போய்விட்டாள். தமயந்தி செருப்பை மாட்டினாள். வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு, வெளிச்செருப்பைத் தேடக்கூட முடியவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டைத் திறந்து ரோட்டுக்கு ஏறினாள்.

ரோடு ஈரமாக இருந்தது. காபிச் செடிகள் இரண்டு பக்கமும் இலை நுனியில் தண்ணீரோடு நின்றன, யாரும் பேச்செடுக்காத துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி. என்ன நினைப்பு இது. துக்க வீடு என்றெல்லாம் ஏன் வருகிறது. வேறு எதையாவது நினைக்கலாம். ஆரஞ்சு மரம், நேற்று அவர் பறித்து, ஒரே சுளை தின்று, புளிப்பு என்று துப்பினார். ஏரிப் பக்கமிருந்து விடுமுறைக் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது, ஐஸ்கிரீம் வண்டியின் மணி, யாரோ மைக்கில் காணாமல் போன குழந்தையின் சட்டை நிறம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காணாமல் போனால் மைக்கில் சொல்லலாம். நீல ஹெல்மெட், கறுப்பு டிராயர், இருபத்துமூன்று வயது, நெற்றியில் நேற்றைய குங்குமம். நடந்தாள். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். ஏரியையும் கூட்டத்தையும் தாண்டி இறக்கம் தொடங்குகிற இடத்தில் பாலத்துக் கட்டைச் சுவரில் கையூன்றி நின்றாள். அதற்குமேல் எவ்வளவு தூரம் நடப்பது, நடந்து எதைப் பார்ப்பது. இங்கிருந்து கீழே ரோடு வளைந்து மரத்துக்குள் மறைவது மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வண்டியும் வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தது. இதுவரை அவள் காது கேட்காத சத்தம். பஸ் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுப் பிடித்தது. கார்கள் சத்தமே இல்லாமல், பின்னால் சிவப்பு வெளிச்சம் மட்டும் காட்டிப் பிடித்தன. ஒரு பழைய வேன் கிறீச்சென்று கத்திப் பிடித்தது, தேய்ந்த ரப்பர் கருகிய வாசம் பனியோடு கலந்து மேலே வந்தது. இந்த மலை முழுக்கப் பிரேக்குதான். எத்தனை பேர் எத்தனை காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உயிரோடு இறங்குகிறார்கள், ஒருவரும் அதை நினைப்பதில்லை, சிப்ஸ் தின்றுகொண்டு இறங்குகிறார்கள். கீழேயிருந்து ஏறி வந்த வாடகைக் கார் ஒன்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஓரமாக நின்றது. டிரைவர் மூடியைத் திறக்கத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வர்ற வழியில சைக்கிள்ல ஒரு பொண்ணைப் பாத்தீங்களா?"

"சைக்கிளாம்மா? லீவு நாளு, பத்துப் பதினஞ்சு பேர் போறாங்க. எந்தக் கலர்?"

"நீலத் தொப்பி. தனியாப் போனா."

அவர் யோசித்தார். யோசிக்காமல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "அப்படி ஞாபகம் இல்லீங்கம்மா. நாம வளைவைப் பாப்பமா, ஆளைப் பாப்பமா." மூடியைத் திறந்தார், ஆவி புகைந்து எழுந்து அவர் முகத்தை மறைத்தது. ஆவிக்குள்ளிருந்தே, "கீழ கூட்டம் கிட்டமெல்லாம் எதுவும் இல்லம்மா. பயப்படாதீங்க" என்றார். கூட்டம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது.

கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையென்றால் ஒன்றும் ஆகவில்லை, அல்லது இன்னும் யாரும் பார்க்கவில்லை. கல்கட்டைக்கு அப்பால் போய்விட்டதை யார் பார்ப்பார்கள். சுவரில் உட்கார்ந்தாள். கல்லின் ஈரம் சேலையைத் தாண்டி உள்ளே வந்தது. பயம் இத்தனை நேரம் நெஞ்சில் இருந்தது, இப்போது முதுகுக்கு மாறியிருந்தது, பெரிய பண்டிகைக்குச் சமைத்து முடித்த முதுகு மாதிரி கடுத்தது. பயப்படுவதற்கும் தெம்பு வேண்டும் போலிருக்கிறது, அதுவும் வேலைதான். அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ஓடி வந்து வாசலில் இடுப்பில் கையூன்றி நின்று, கைக்கடிகாரத்தில் எதையோ அழுத்துவார். அப்போது சொல்லவேண்டும். ஏனுங்க, நாந்தான். என்ன நாந்தான். எண்ணெய். எந்த எண்ணெய். அந்தக் கேள்வி பதில்கள் வாசல் கேட்டிலிருந்து கூடம்வரை நீளும், கூடத்தில் அந்தக் காலி அட்டைப்பெட்டி பூவோடு இருக்கும். திட்டமாட்டார். அவர் திட்டுகிற ஜாதி இல்லை. ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு கீழே ஓட ஆரம்பித்துவிடுவார், அவள் பார்க்கப் பார்க்க, திரும்பிப் பார்க்காமல். அந்த முதுகு தெரிந்தது அவளுக்கு, வியர்வையில் ஒட்டிய பனியனோடு. அதற்கப்புறம் எத்தனை வருடமானாலும் அந்த முதுகுதான். முகிலன் சிறுவயதில் கேட்பான், அம்மா உனக்கு என்ன தெரியும் என்று, கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள. எண்ணெய் தடவத் தெரியும். பொட்டு வைக்கத் தெரியும். மூன்று பேர் எந்த நாளில் எதற்கு எந்தப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போவார்கள் என்று தெரியும். அவர்கள் அத்தனை வேகத்தோடு செய்கிற எதிலும் அவளுக்கு ஒரு கைகூட இல்லை, ஆயுத பூஜை அன்று மட்டும்தான் அந்தச் சாமான்களைத் தொடுவாள். தொட்ட கை இது. மறுபடி முகர்ந்து பார்த்தாள். இருக்கிறது.

போன் இடுப்பில் அதிர்ந்தபோது அது தன் உடம்பின் நடுக்கம் என்று நினைத்தாள். தெரியாத எண். தெரியாத எண் என்றால் யாரோ ஒருவர், சாலையில் போகிறவர், போலீஸ். எடுக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம். எடுத்தாள்.

"அம்மா, நாந்தான். டீக்கடைக்காரர் போன்ல பேசறேன். என்னோடது சார்ஜ் இல்ல. அடிவாரம் வந்து பஜ்ஜி சாப்பிட்டுட்டிருக்கேன். ஏறி வர லேட்டாகும், சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்."

தமயந்தி போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அம்மா? கேக்குதா?"

"கேக்குது கண்ணு."

"ஏன் குரல் ஒருமாதிரி இருக்கு? எங்க இருக்க நீ, பஸ் சத்தம் கேக்குது."

"ரோட்ல. நட... தாரிணி, அந்தச் சக்கரத்துல வட்டமாத் தட்டு இருக்குதில்ல. நான் நேத்து அதுல எண்ணெய் தடவிட்டேன் சாமி. எனக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துது. நீ அதுல ஏறி வராத, அங்கயே நில்லு, அப்பாவைக் கார் எடுத்துட்டு வரச் சொல்றேன். ஏறக்கூடாது நீ."

அந்தப் பக்கம் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு தாரிணி சிரித்தாள். வாயில் பஜ்ஜியோடு சிரிக்கிற சிரிப்பு.

"அதக் காலைலயே தொடச்சாச்சும்மா."

"தொடச்சாச்சா? யாரு?"

"நானும் முகிலனும். கார் ஷெட்ல வெச்சு, ஸ்பிரிட் போட்டு. ரெண்டு டிஸ்க்கும் பளிச்சுனு ஆக்கிட்டுத்தான் கிளம்பினேன். பயந்துட்டியா? ஐயோ அம்மா. இதுக்காகவா ரோட்டுக்கு வந்த?"

"உனக்கெப்படித் தெரியும் நான் தடவினேன்னு?"

"தெரியாதா பின்ன. வருசா வருசம் நடக்கறதுதான். பழைய சைக்கிள்ல ரிம் பூரா தடவி வெப்ப. அவனோட கொக்கி, என்னோட ஸ்கேட்டிங் சக்கரம், எதை விட்ட நீ. பூஜைக்கு அடுத்த நாள் காலைல எங்களுக்கு அதான் முதல் வேலை. பொட்டை மட்டும் அப்படியே விட்டுருவோம், நீ பாப்பியே."

"சொல்லியிருக்கலாம்ல ஒரு வார்த்தை."

"அப்பாதான் வேண்டாம்னாரு. ஆசையாப் பண்றா, மனசு நோகும்னு. நாங்க தொடைக்கற வரைக்கும் அப்பா கிச்சன்ல வந்து உன்கிட்டப் பேச்சுக் குடுத்துட்டிருப்பாரு, நீ வெளிய வந்துறாம. அவருக்கு அந்த டூட்டி. ஷூல எண்ணெய் எதுவும் இல்லியே, சும்மாதான இருக்காரு. அம்மா? இருக்கியா?"

இருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். மகள் உயிரோடு இருக்கிறாள், பஜ்ஜி தின்கிறாள், உடம்பு அதைத் தெரிந்துகொண்டு தளர்ந்தது, முழங்கால், முதுகு, கழுத்து என்று ஒவ்வொன்றாக, ஊக்கு கழன்ற மாதிரி. தளர்ந்த அந்த இடத்தில் இன்றைய காலைப்பொழுது வந்து நின்றது. அதை இதுவரை நினைக்காமலே வைத்திருந்தாள், அடிக்கடி எடுத்துப் பார்த்தால் தேய்ந்துவிடும் என்பதுபோல. விடிந்தும் விடியாமலும் அவர் சமையலறைக்கு வந்தார். வந்து உட்கார்ந்தார். கவிழ்த்து வைத்த அரிசி டப்பாவின் மேல், ஓடுகிற டிராயரோடு. இன்னொரு காபி இருந்தால் கொடு என்றார், ஒரு காபிக்கு மேல் குடிக்காத மனிதர். உங்க காலேஜ் ஹாஸ்டல்ல ஆயுத பூஜைக்கு என்னத்த வைப்பீங்க தமயந்தி என்று கேட்டார். அவள் மாவுக் கரண்டியோடு நின்றபடியே சொன்னாள், வார்டன் அடிக்கிற மணியை வைப்போம், லைப்ரரி சாவியை வைப்போம், அன்றைக்கு யாரும் படிக்கக்கூடாது, மணி அடிக்காது, விடியும்வரை பேசிக்கொண்டே இருப்போம் என்று. அப்படியா என்றார். அப்புறம் என்றார். மணியைத் திரும்ப எடுக்கறது யாரு என்று கேட்டார், அதைக் கேட்கவேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்று அவள் ஆச்சரியப்பட்டாள். தோசை ஒன்று கருகியது. ஜன்னல் வழியாக ஒருமுறை வெளியே பார்த்தார், பனியைப் பார்க்கிறார் என்று நினைத்தாள். போன வருடம் கொல்லிமலையில் இதேபோல் ஒரு காலை, வெங்காயம் உரித்துக் கொடுத்தார், கண் கலங்கி இருவரும் சிரித்தார்கள். அதற்கு முந்தின வருடம் கோயமுத்தூர் வீட்டில், அவளுடைய அப்பாவின் பட்டறையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். வயதாக ஆக மனிதர் கனிகிறார் என்று நினைத்திருந்தாள். வருடத்தில் ஒரு காலை. கார் ஷெட்டில் இரண்டு பேர் ஸ்பிரிட்டும் துணியுமாக அவசர அவசரமாகத் தேய்த்துக்கொண்டிருக்க, இவர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அப்படியென்றால் அந்தக் கேள்விகள். அவர் கேட்டது நேரம் கடத்தத்தான். ஆனால் மணியைத் திரும்ப எடுப்பது யார் என்று கேட்டாரே, நேரம் கடத்துகிறவன் அதைக் கேட்பானா. கேட்பான், கேட்கமாட்டான். தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. எப்படியானாலும் உட்கார்ந்தார். அரிசி டப்பாவின் மேல், கால் மணி நேரமோ அரை மணி நேரமோ, எங்கும் ஓடாமல். எண்ணெய் இல்லையென்றால் காவல் இல்லை. காவல் இல்லையென்றால் எதற்காக உட்காரப் போகிறார். மேலே வந்த பஸ் ஒன்று வளைவில் பெருமூச்சு விட்டது.

"அம்மா, டீக்கடைக்காரர் போனைக் கேக்கறாரு. வெச்சிரட்டுமா? அழறியா?"

"இல்ல. பனி. தாரிணி, அப்பாகிட்ட எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லிறாத."

"ஏம்மா?"

"சொல்லாதன்னா சொல்லாத. தம்பிகிட்டயும்."

"சரி. ஆனா அடுத்த வருசம் அந்த டிஸ்க்ல மட்டும் வேண்டாம், சரியா?"

"அதுலயும் தடவுவேன்" என்றாள் தமயந்தி. "நீங்க நல்லாத் தொடச்சுக்கங்க. அவசரப்படாம, மெதுவாத் தொடைங்க."